எலிக்காரனுக்காக அழுதோமே, அது எதில் சேரும்?

நம் வாசகர் வட்டத்து நண்பர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை மதுரை காந்தி மியூசியத்து மரத்தடியில் ஸ்டீபன் கிங்கின் ‘தி கிரீன் மைல்’ நாவலைப் பேசினோம். முடிக்கும்போது இளையவர் ஒருவர் எழுந்து, “குத்தம் செஞ்சவனைத் தூக்குல போடட்டும்ணே, அப்பாவியைப் போட்டதுதான் தாங்கல” என்றார். எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். பஸ் ஏறித் தெப்பக்குளம் வருவதற்குள் அந்தத் தலையாட்டல் உறுத்த ஆரம்பித்துவிட்டது.

நாவலில் மரண தண்டனைக் கைதியாக வருகிற ஜான் காஃபி, தான் கொன்றதாகச் சொல்லப்பட்ட இரண்டு சிறுமிகளைக் கொல்லவில்லை. 1932இல், அமெரிக்கத் தென்மாநிலம் ஒன்றில், பிள்ளைகளின் உடலை ஏந்தி அழுதுகொண்டிருந்த கறுப்பினத்தவர். தண்டிக்க அது போதும். வெறும் கற்பனை என்று தள்ளவும் முடியாது. 1944இல் தென் கரோலினாவில் ஜார்ஜ் ஸ்டின்னி என்ற 14 வயதுக் கறுப்பினப் பையனை மின்நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஜூரிக்கு முடிவெடுக்கப் பத்து நிமிடம் போதுமாக இருந்தது. விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று தீர்ப்பு ரத்தானது 2014இல்.

நம் ஊர்க் கதையும் இதுதானே. வெட்டப் போன காவலர்கள், கோவலனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்கினார்கள். பொற்கொல்லன் திருடர் தந்திரங்களைச் சொல்லும் களவுநூலையெல்லாம் எடுத்துச் சொல்லி அவர்கள் வாயை அடைத்தான். கடைசியில் குடிவெறியில் இருந்த ஒருவன்தான் வாளை வீசினான். காஃபியின் காவலர்களோ உண்மை தெரிந்தும், குடிக்காமலேயே, வேலையை முடித்தார்கள். அவர்களை நாம் ரொம்பவே பாராட்டிவிட்டோம்.

ஆனால் காஃபிக்கும் கோவலனுக்கும் சேர வேண்டியது நீதி. பாண்டியன் ‘போனால் போகிறது, பிழைத்துப் போ’ என்று கோவலனை விட்டிருந்தால் கண்ணகி அதை ஏற்றிருப்பாளா?

கருணை தேவைப்பட்டவன், அதே சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருந்த டெலக்ருவா. நம் பேச்சில் அவன் எலியோடு மட்டும்தான் வந்தான். ஒரு சிறுமியைக் கெடுத்துக் கொன்றவன் அவன்; அதை மறைக்க வைத்த தீயில் இன்னும் சிலர் மடிந்தார்கள். அவன்தான் கொட்டடியில் நூல்கட்டையை உருட்டிவிட்டு, எலி அதைத் துரத்துவதைப் பார்த்துக் குழந்தைபோலச் சிரிக்கிறான். மின்நாற்காலியில் தலைமேல் நனைத்து வைக்க வேண்டிய பஞ்சைக் காவலன் பெர்சி வேண்டுமென்றே நனைக்காமல் விட, அவன் கருகிச் சாகிற இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அங்கே அழுததாக உங்களில் ஐந்தாறு பேர் சொன்னீர்கள். குற்றவாளிக்காகத்தானே அழுதீர்கள்? அப்புறம் எப்படித் தலையாட்டினோம்?

நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். ஒரு அம்மா ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மஞ்சப்பையில் மகனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். “செஞ்சது அவன்தான்யா. உசுர மட்டும் விட்ரச் சொல்லுங்க” என்றார். மார்க் ஷீட்டை விரித்து, கணக்கில் வாங்கிய மார்க்கை விரலால் காட்டினார். மனுவின் முதல் வரியில் ‘நிரபராதி’ என்றே போடச் சொன்னார் வக்கீல். போட்டேன். அந்த அம்மா கேட்டது அந்த மனுவில் எங்கேயும் இல்லை.

அடுத்த கூட்டமும் அங்கேதானே? அரைமணி முன்னால் வந்துவிடுங்கள். சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த, இரத்தக்கறை படிந்த துணி உள்ளே இருக்கிறது. அதை வைத்திருக்கிற வளாகத்தில் உட்கார்ந்துதான் தலையாட்டியிருக்கிறோம். கோட்சே சுட்டதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் அவரைத் தூக்கிலிட வேண்டாம் என்று கேட்டவர்களில் மணிலாலும் ராமதாஸும் உண்டு, காந்தியின் மகன்கள். கேட்டது நடக்கவில்லை. 1949 நவம்பர் 15 அன்று அம்பாலா சிறையில் தூக்கிலிட்டார்கள்.

அந்தத் துணிக்கு முன்னால் நின்று, தம்பி சொன்னதை நாம் எல்லோரும் இன்னொரு முறை சொல்லிப் பார்க்கலாம். வாய் வருகிறதா என்று பார்ப்போம்.

என் பிரதியை வாங்கிப் போனவர் மறக்காமல் கொண்டுவாருங்கள். டெலக்ருவா சாகிற பக்கத்தில் பஸ் டிக்கெட் வைத்திருக்கிறேன், எடுத்துவிட வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பழைய குமாஸ்தா