செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: கேபிள் டி.வி. ஒப்பந்தம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், வீட்டு உரிமையாளர்கள், வாடகைக்குக் குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நமது சங்கத்தின் ஆண்டறிக்கையை இந்தப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

வழக்கமான வேலைகள் குறையின்றி நடந்தன. சம்ப் சுத்தம் செய்தோம், லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தோம், மழைக்கு முன் வடிகால்களைத் தூர்வாரினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழுவின் நேரத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது கேபிள் டி.வி. விவகாரம்தான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது சென்னையில் பல இடங்களைப் போல நமக்கும் மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் ஓடியது, பல வீடுகளில் இன்வெர்ட்டரும் இருந்தது. ஆனால் டி.வி.யில் சிக்னல் இல்லை. மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தால், கேபிள் ஆம்ப்ளிஃபையருக்கு (சிக்னலைப் பெருக்கும் பெட்டி) ஒரு வீட்டின் மின் இணைப்பிலிருந்து ஒயர் இழுத்திருந்தார்கள். அந்த இணைப்பில் கரண்ட் போனால் மூன்று பிளாக்கிலும் படம் போய்விடும். பெட்டியின் மூடி துருப்பிடித்து உள்ளே தண்ணீர் கோத்திருந்தது. மழை பெய்தாலே படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றதற்கும் அதுவே காரணம். செல்போனில் செய்தி பார்க்கத் தெரியாத பெரியவர்கள் நம் குடியிருப்பில் பலர் இருக்கிறார்கள். புயல் எங்கே கரை கடக்கிறது என்று தெரியாமல் அவர்கள் இரவெல்லாம் தவித்தது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அடுத்த கூட்டத்திலேயே, ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பேசாமல் சங்கமாகப் பேசுவது என்று முடிவெடுத்தோம்.

முதலில் எல்லா வீட்டு ரசீதுகளையும் கேட்டு வாங்கினோம். பாதிப் பேரிடம் ரசீதே இல்லை. ஒரே பேக்கேஜுக்கு ஒரு வீட்டில் 260 ரூபாய், எதிர்வீட்டில் 340. படுக்கையறையில் இருக்கும் இரண்டாவது டி.வி.க்கும் சிலர் முழுக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ரேட் எல்லாம் டிராய் போட்டது சார், நாங்க குறைக்க முடியாது" என்பதுதான் ஆபரேட்டரின் முதல் பதில். டிராய் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். அதன் விதிகளைப் படித்துப் பார்த்தோம். 2019 பிப்ரவரியில் வந்த முறைப்படி, நெட்வொர்க் கட்டணம் (சேனல் விலை போக, இணைப்புக்கு மாதாமாதம் வாங்குவது) அதிகபட்சம் 130 ரூபாய் என்று இருந்தது. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. அது உச்சவரம்புதான், அதற்குக் கீழே வாங்க அப்போதும் தடை இருக்கவில்லை. 2020 திருத்தத்தின்படி அதே 130-க்கு 200 சேனல்; ஒரே வீட்டின் கூடுதல் டி.வி.க்கு அந்த நெட்வொர்க் கட்டணத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் இருந்தது. 2024 ஜூலையில் அந்த 130 ரூபாய் உச்சவரம்பை டிராய் எடுத்துவிட்டது. வாடிக்கையாளர் வகைக்கு ஏற்ப வேறு வேறு கட்டணம் வைக்கவும் அனுமதி தந்தது. அதாவது குடியிருப்புக்கென்று ஒரு கட்டணம் கேட்க இடமுண்டு. அதே சமயம், எழுதி வாங்காவிட்டால் நாளைக்கு எவ்வளவு ஏற்றினாலும் கேட்க முடியாது. எழுத்தில்தான் வேண்டும் என்று நாம் பிடிவாதமாக நின்றது இதனால்தான்.

வேறு இரண்டு ஆபரேட்டர்களிடமும் விலை கேட்டோம். ஒருவர் நம் பழையவரைவிடக் குறைவாகவே சொன்னார். ஆனால் ஒரு நிறுவனத்தின் செட்டாப் பாக்ஸ் இன்னொன்றின் சிக்னலுக்கு வேலை செய்யாது, எல்லா வீட்டிலும் பாக்ஸ் மாற்ற வேண்டும். பாக்ஸை இலவசமாகத் தருகிறேன் என்றார். அதற்குப் பதிலாக மூன்று வருடத்துக்கு வேறு யாரையும் உள்ளே விடக் கூடாது என்றார். அதை ஏற்க முடியவில்லை. டிஷ் வைத்துக்கொள்வதும் கேபிளே வேண்டாம் என்பதும் அந்தந்த வீட்டாரின் உரிமை. அதைச் சங்கம் விற்கக் கூடாது.

மாதப் பராமரிப்புத் தொகையிலேயே கேபிளையும் சேர்த்துவிடலாம் என்று சில உறுப்பினர்கள் சொன்னார்கள். வசூல் சுலபம், விலையும் இன்னும் இறங்கும், உண்மைதான். ஆனால் டி.வி.யே இல்லாத வீடுகள் இருக்கின்றன. தெலுங்கு, மலையாளம், இந்தி சேனல் பார்ப்பவர்களுக்குத் தமிழ் பேக்கேஜ் எதற்கு? ஆகவே ஒயரிங் பொது, பில் அவரவருக்கு என்று முடிவானது.

கடைசியில் பழைய ஆபரேட்டரோடேயே ஒரு வருட ஒப்பந்தம் போட்டோம். அடிப்படைத் தமிழ் பேக்கேஜ் வரியோடு சேர்த்து எல்லா வீட்டுக்கும் 230 ரூபாய். கூடுதல் டி.வி.க்கு 40 சதவீத விதி. மாதாமாதம் ரசீது. புகார் வந்தால் மறுநாளுக்குள் ஆள் வர வேண்டும். மாடி வரை ஃபைபர் இழுப்பது அவர் செலவு. மாடியிலிருந்து வீடுகளுக்கு இறங்கும் கோ-ஆக்சியல் ஒயர் (டி.வி. பெட்டிக்கு வரும் வழக்கமான கேபிள்) சங்கத்தின் செலவு, ஆகவே அது சங்கத்தின் சொத்து. நாளை ஆபரேட்டர் மாறினாலும் சுவரை மறுபடி துளைக்க வேண்டியதில்லை. இந்த ஒப்பந்தத்தில் நான் பெரிதாக நினைப்பது விலைக்குறைப்பைவிட இதைத்தான். டக்டில் (ஒயர்கள் மேலிருந்து கீழே இறங்கும் இடைவெளி) தொங்கிய பழைய ஒயர்களை அகற்றி, ஒவ்வொரு தளத்திலும் வீட்டு எண் ஒட்டிய பிரிப்புப் பெட்டி வைத்தாகிவிட்டது. ஆம்ப்ளிஃபையர் இப்போது லிஃப்ட் ரூமுக்குள், ஜெனரேட்டர் லைனில் இருக்கிறது. அந்த மின்செலவைச் சங்கம் ஏற்கிறது. இதை நேரில் நின்று முடித்துக்கொடுத்த பி பிளாக் ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயாவுக்குச் சங்கத்தின் நன்றி.

இன்னும் முடியாத வேலைகளும் உண்டு. மாடியில் தட்டோட்டைத் துளைத்து நட்டிருக்கும் டிஷ்களால் மேல்தள வீடுகளில் கசிவு இருக்கிறது. கைப்பிடிச் சுவரோரம் பொதுவாக ஒரு இரும்புச் சட்டம் அடிக்க மதிப்பீடு வாங்கியிருக்கிறோம். அதற்கு இன்று ஒப்புதல் வேண்டும். காலி செய்து போன வாடகைதாரர்கள் பெயரிலேயே இன்னும் சில பாக்ஸ்கள் இருக்கின்றன. உரிமையாளர்கள் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பம் அலுவலக மேசையில் இருக்கிறது.

ஒப்பந்தம் முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே அடுத்த பேச்சைத் தொடங்க வேண்டும். அதே ஃபைபரில் இன்டர்நெட்டுக்கும் சேர்த்து விலை கேட்கலாம் என்பது செயற்குழுவின் எண்ணம். பிளாக்குக்கு ஒருவர் வீதம் மூன்று பேர் கொண்ட துணைக்குழு அமைக்கும் தீர்மானத்தை முன்மொழிகிறேன். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிவதற்குள் பெயர் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்