ஜாட் வரலாற்றுக்கு நிலப்படம் வரையும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பழைய நிலப்படத்தை இன்றைய படத்தின் மேல் பொருத்தி, நிறம் தீட்டி, 'இதுதான் ஜாட் நாடு' (வட இந்திய உழவர் குடியான ஜாட்டுகளின் நாடு) என்று வெளியிடுகிறீர்கள். தீட்டும் முன் ஆண்டைப் பாருங்கள்.

ஜாட் மன்னர் சூரஜ்மல் 1761இல் ஆக்ராவைப் பிடித்தபோது அவருடைய பரத்பூர் அரசு உச்சத்துக்கு வந்தது. 1774இல் முகலாயத் தளபதி நஜப் கானிடம் ஆக்ரா போயிற்று, 1776இல் டீக் கோட்டையும். நீங்கள் அடிக்கடி எடுத்தாளும் படங்களோ பிரெஞ்சு நிலப்பட வரைஞர் தான்வீலின் 1752ஆம் ஆண்டுப் படமும் ஆங்கிலேய நில அளவையாளர் ரென்னலின் 1782ஆம் ஆண்டுப் படமும். உச்சக் காலம் முழுவதும் இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, ரென்னல் நேரில் அளந்தது வங்காளத்தைத்தான்; ஆக்ரா பக்கத்தைப் பிறர் தந்த வழிக்குறிப்புகளை வைத்துத் தொகுத்தார்.

அப்படியானால் பிரெஞ்சு அதிகாரி ஜென்தி 1770இல் தொகுத்த படத்தொகுதி பொருந்துமே என்று தோன்றும். ஆண்டு பொருந்தும், உள்ளடக்கம் பொருந்தாது. அதன் சுபா (மாகாணம்), சர்க்கார் (மாவட்டம்) பிரிவுகள் அக்பர் ஆட்சியின் நிர்வாகக் குறிப்பேடான அயினி அக்பரியைப் பின்பற்றியவை, அதாவது அக்பர் காலத்தவை.

அயினி அக்பரியையே நேரடியாகப் பயன்படுத்துவது மேல். பர்கானாவாரியாக (பர்கானா என்பது சர்க்காரின் உட்பிரிவு) ஜமீன்தார்களின் சாதியை அது சொல்கிறது. ஆனால் அது நில உரிமையின் கணக்கு, மக்கள்தொகைக் கணக்கு அல்ல. பர்கானாவுக்கு எல்லைக்கோடு இழுக்காதீர்கள். தலைமை ஊரில் ஒரு புள்ளி போதும். ஊர்ப்பெயர் அகப்படாவிட்டால் பாரசீக எழுத்தில் எழுதிப் பாருங்கள். சொல்லின் முதலிலும் நடுவிலும் ப, த, ந ஒலிகளுக்கு எழுத்து வடிவம் ஒன்றே, புள்ளிதான் வேறு. படியெடுத்தவர் புள்ளியைத் தவறவிட்டால் ஊரே மாறிப்போகும். பஞ்சாபின் ஜாட் ஊர்கள் பரத்பூர் எல்லைக்கு வெளியே இருப்பதையும் மறக்க வேண்டாம். அரசு வேறு, குடி வேறு.

பொருத்தும்போது யமுனையின் வளைவுகளைக் கட்டுப்பாட்டுப் புள்ளியாக (பழைய படத்தையும் இன்றைய படத்தையும் இணைக்கும் இடமாக) வைக்காதீர்கள், ஆறு தடம் மாறியிருக்கிறது. ஆக்ரா கோட்டை, தாஜ்மகால், டீக், கும்ஹேர் கோட்டைகள் போன்றவற்றை வையுங்கள். படத்தைச் சமன்பாட்டால் உருமாற்றும் முதற்படிப் பல்லுறுப்பு முறைக்கு 3 புள்ளிகள், இரண்டாம்படிக்கு 6 என்பதெல்லாம் வெறும் குறைந்தபட்சம்; 15க்குக் குறையாமல் எடுங்கள். 'தின் பிளேட் ஸ்ப்ளைன்' முறையில் பிழை சுழியம் என்று காட்டினால் மகிழ வேண்டாம். கொடுத்த புள்ளிகள் வழியாகவே படத்தை வளைக்கும் முறை அது. நான்கைந்து புள்ளிகளைச் சேர்க்காமல் ஒதுக்கி வைத்து, அவை எவ்வளவு தள்ளி விழுகின்றன என்று அளந்தால்தான் உண்மை தெரியும்.

19ஆம் நூற்றாண்டு நில அளவைத் தாள்களில் இன்னொரு கண்ணி உண்டு. பலவற்றின் நெட்டாங்கு சென்னை வானாய்வகத்தின் நெட்டாங்கை அடிப்படையாகக் கொண்டது. அந்த எண்ணே பிற்பாடு திருத்தப்பட்டது. 27 பாகை அகலாங்கில் 2 கோண நிமிடம் பிசகினால் 3.3 கிலோமீட்டர் தள்ளிப்போகும், பக்கத்து ஊர் உங்கள் ஊராகிவிடும். கழிக்க வேண்டிய அளவு தாளின் ஓரத்தில் அச்சிடப்பட்டிருந்தால் அதைக் கழித்துவிட்டுப் பொருத்துங்கள். நீங்கள் பகிரும் வருடல் (ஸ்கேன்) படங்களிலோ ஓரம் வெட்டப்பட்டிருக்கிறது! இனி ஓரத்தோடு பகிருங்கள். கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் கோப்பையும் உடன் வையுங்கள், மற்றவர்கள் சரிபார்க்க.