நாய்க்குட்டிக்குக் கடைசி ஊசியை விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்து லயங்களில் நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்ற வைரஸ் நோய் மறுபடியும் புகுந்திருக்கிறது. முதலில் வாந்தி, அப்புறம் ரத்தக் கழிச்சல், குடலைப் புரட்டும் நாற்றம். தோட்டத்து மருந்தகத்தில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் குட்டிகளை என் வீட்டுக்குத் தூக்கி வருகிறார்கள்.

"ஊசி போட்டாச்சே ஐயா" என்பார்கள். விசாரித்தால் ஒரே ஓர் ஊசி, ஏழாவது வாரத்தில் போட்டது. அது போதாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசியை வேலை செய்யவிடாது. அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை போடச் சொல்கிறார்கள். ஓராண்டுக்குள் இன்னொன்று. நம் ஆட்கள் விட்டுவிடுவது 16ஆம் வாரத்து ஊசியைத்தான். அதுதான் மிக முக்கியம்.

கழிச்சல் கண்டால் கரி மாத்திரையும் மஞ்சள் தண்ணீரும் கொடுத்து இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக வழுக்க வேண்டும். விரலில் பிசுக்கென்று ஒட்டினாலோ, பிடரித் தோலை இழுத்துவிட்டால் மெதுவாகத்தான் இறங்கினாலோ உடம்பில் தண்ணீர் வற்றுகிறது. உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். டிரிப் ஏற்றுவார், வாந்தியை நிறுத்துவார், புண்ணான குடல் வழியாக ரத்தத்தில் கிருமி ஏறாமலிருக்க ஆன்டிபயாட்டிக் கொடுப்பார். காலத்தோடு கொண்டுபோன குட்டிகளில் பெரும்பாலானவை பிழைக்கின்றன. வீட்டிலேயே விட்டவற்றில் பெரும்பாலானவை செத்துப்போகின்றன. வாந்தி எடுக்கும் குட்டியின் வாயில் தண்ணீரை ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

இன்னொன்று என் மனத்தை வருத்துகிறது. குட்டி செத்ததும் பிள்ளைகள் அழுகிறார்கள் என்று அடுத்த வாரமே வேறு குட்டியை வாங்கி அதே வாசலில் விடுகிறார்கள். இந்தக் கிருமி மண்ணில் ஓராண்டுகூடக் கிடக்கும். சிலிப்பரிலும் மோட்டார் டயரிலும் ஒட்டி வரும். டெட்டாலுக்குச் சாகாது. மலத்தை நன்றாகக் கழுவிய பிறகு, ஒரு பங்கு குளோரோக்ஸ் ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து சிமெண்ட் தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். மண்ணில் அதுவும் முழுசாக வேலை செய்யாது. ஊசிகள் முடியாத குட்டியை அந்த வாசலுக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

தோட்டத்து உள்ளே இருப்பவர்களுக்கு டவுனுக்கு வர வண்டி வசதி குறைவு. கோயில் நிர்வாகமோ குடியிருப்பாளர் சங்கமோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மருத்துவரை மண்டபத்துக்கு அழைத்து ஊசி போட ஏற்பாடு செய்தால் பெரிய உதவி. ஆளுக்குக் கொஞ்சம் வெள்ளி (ரிங்கிட்) போட்டால் முடியக்கூடிய காரியம்தான். ஒரே ஒரு நிபந்தனை: குட்டிகளைக் கூடையிலோ பெட்டியிலோ வைத்தே கொண்டுவர வேண்டும், தரையில் இறக்கக் கூடாது. கழிச்சல் உள்ள குட்டியை அங்கே கொண்டுவரவே கூடாது. அதற்கு மருத்துவருக்குத் தனியாகப் போன் போட்டுவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட டிரெசர்,
சுங்கை சிப்புட், பேராக்.