12 வோல்ட் மாற்றும் கிட்டில் தவறான காயில், இல்லாத டயோடு: புகார்க் கடிதம்

அனுப்புநர்:
விவசாயி, சோழவந்தான் அருகில், மதுரை மாவட்டம்.
(பெயர், முகவரி, பில் நகல் இணைப்பில்)

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பழைய டிராக்டரை 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாற்ற நீங்கள் அனுப்பிய கிட்டில் உள்ள குறைகள் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். 16,800 ரூபாய் கட்டி உங்களிடம் இந்த கிட்டை வாங்கினேன். ஆர்டர் கொடுக்கும் முன்பே போனில் வண்டியின் விவரம் முழுவதையும் சொன்னேன். 1951-ம் வருட ஃபோர்டு 8என், பெட்ரோல் வண்டி, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கவாட்டில் இருக்கும் மாடல், 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் சேர்ந்தது). "இந்த வண்டிக்குன்னே செட் பண்ணினது சார், எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கும், வெளியில எதுவும் வாங்க வேண்டாம்" என்று உங்கள் விற்பனைப் பிரிவில் சொன்னார்கள். அதை நம்பித்தான் பணம் கட்டினேன்.

இது காட்சிக்கு நிறுத்தி வைத்திருக்கும் வண்டி இல்லை. மேகமலைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ஏலத்துக்கு வந்தபோது எங்கள் அப்பா எடுத்தது. தோப்பில் தேங்காயும் மட்டையும் ஏற்றுகிற டிரெய்லரை இன்றைக்கும் இதுதான் இழுக்கிறது. எஞ்சினில் ஒரு குறையும் கிடையாது, கரண்டில்தான் தொல்லை. 6 வோல்ட் பேட்டரி கேட்டால் மதுரைக் கடைகளில் "சொல்லி வையுங்கள், வரவழைத்துத் தருகிறோம்" என்கிறார்கள். பெரியாறு கால்வாயில் தண்ணீர் விடுகிற மாதங்களில் இருட்டோடு வயலுக்குப் போக வேண்டியிருக்கும். ஹெட்லைட் வெளிச்சம் முன் சக்கரத்தைத் தாண்டினால் அதிகம். அதே வாட் பல்புக்கு 12 வோல்ட்டில் பாதி ஆம்பியர் போதும், பழைய வயரில் வீணாவதும் குறையும். அதனால்தான் மாற்ற முடிவெடுத்தேன்.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் உங்கள் ஆல்டர்னேட்டரின் பிராக்கெட் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. பெல்ட்டும் சரியான அளவு. அதில் எனக்குக் குறை இல்லை.

பிளக்கில் பொறி வருவதற்கு வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் காயில்தான் பெரிய குறை. காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் ரெசிஸ்டர் வெளியே தேவையில்லை என்று உங்கள் விளக்கத் தாளில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அப்படியே மாட்டினோம். அரை மணி நேரம் ஓடியதுமே காயிலில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அந்தச் சூட்டில் அதன் மேல் ஒட்டியிருந்த உங்கள் கம்பெனி ஸ்டிக்கரின் ஓரம் சுருண்டு எழும்பியது. உரித்துப் பார்த்தால், காயிலைத் தயாரித்தவர்களே அச்சடித்த எழுத்து அடியில் இருக்கிறது: வெளி ரெசிஸ்டருடன் மட்டும் பயன்படுத்தவும். அந்த எச்சரிக்கையை மறைத்து உங்கள் ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். இரண்டையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்ததில் காயிலின் பிரைமரியில், அதாவது பேட்டரிக் கரண்ட் ஓடும் சுற்றில், 1.5 ஓம்தான் காட்டுகிறது. வண்டி ஓடும்போது சார்ஜிங் 14 வோல்ட் வரை போகும். அப்படியானால் காயிலுக்குக் கரண்டை விட்டு விட்டுத் தரும் பாயிண்ட் மூடியிருக்கும்போது 9 ஆம்பியருக்கு மேல் அதன் வழியாகப் பாயும். ரெசிஸ்டர் வேண்டாத 12 வோல்ட் காயில் என்றால் பிரைமரி 3 ஓம் அளவில் இருக்க வேண்டும், ஆம்பியரும் ஐந்துக்குள் நிற்கும். இந்த வித்தியாசத்தைத் தாங்காமல் புதிதாகப் போட்ட பாயிண்ட் கரிந்து நீலம் பாய்ந்துவிட்டது. தோப்பின் நடுவில் வண்டி நின்றது.

அடுத்தது டயோடு, அதாவது கரண்டை ஒரே பக்கமாக மட்டும் விடும் பொருள். நீங்கள் அனுப்பியது மூன்று வயர் ஆல்டர்னேட்டர். அதைத் தூண்டிவிடும் வயரைச் சுவிட்சிலிருந்து நேராக எடுக்கச் சொல்கிறது உங்கள் தாள். நடுவில் ஒரு டயோடோ, சார்ஜ் லைட்டோ இல்லாவிட்டால், சாவியை அணைத்த பிறகும் ஆல்டர்னேட்டரிலிருந்து கரண்ட் அந்த வயர் வழியாகத் திரும்பி வந்து காயிலுக்குப் போகும். எங்களுக்கு அதுதான் நடந்தது. சாவியைத் திருப்பினோம், எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. டிரெய்லர் பக்கத்தில் தேங்காய் பொறுக்கும் பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களை விலகச் சொல்லிவிட்டு, டாப் கியரில் போட்டு, இரண்டு பிரேக்கையும் சேர்த்து மிதித்து, கிளட்சை விட்டு அடக்கித்தான் எஞ்சினை நிறுத்த முடிந்தது. சாவியை அணைத்தால் நிற்காத வண்டியை எந்த நம்பிக்கையில் ஆட்கள் நடுவே ஓட்டுவது? டயோடு என்ன பெரிய விலையா? சில ரூபாய்ப் பொருள். அதைப் பெட்டியில் போடாமல் விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

விளக்கத் தாளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த வண்டி பாசிட்டிவ் எர்த். ஆல்டர்னேட்டர் நெகட்டிவ் எர்த். பேட்டரியை மாற்றிக் கட்டாமல் இணைத்தால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகள் அந்த நொடியே போய்விடும். இவ்வளவு முக்கியமான விஷயத்துக்கு உங்கள் தாளில் ஒரு வரிகூட இல்லை. எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பெட்டியைப் பிரித்ததும், "அண்ணே, இது பாசிட்டிவ் எர்த் வண்டி, முதல்ல பேட்டரியைத் திருப்பிக் கட்டணும்" என்று சொல்லி, நெகட்டிவை பாடியில் கொடுத்த பிறகுதான் மற்ற வேலையைத் தொட்டார். காயிலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையை மாற்றியதும் அவர்தான். அம்மீட்டர் வயர் இரண்டையும் இடம் மாற்றாவிட்டால் சார்ஜ் ஏறும்போது இறங்குவதாகக் காட்டும் என்று அதையும் மாற்றினார். இத்தனையும் அவர் அனுபவத்தில் தெரிந்தவை. ஊருக்கு ஊர் அப்படி ஓர் ஆள் இருப்பார் என்று எண்ணி நீங்கள் கிட் விற்க முடியாது. தாளும் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு விவசாயிக்கு விற்கிற பொருளுக்குத் தமிழில் ஒரு பக்கம் அச்சடிப்பது சிரமமான காரியம் இல்லை.

இதையெல்லாம் போனில் சொன்னபோது கிடைத்த பதில், "பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும், உங்க மெக்கானிக் தப்பா கனெக்ஷன் கொடுத்திருப்பாரு." வயரிங் படம் அனுப்பினேன், காயில் அளவையும் அனுப்பினேன். அப்புறம் யாரும் திரும்பப் பேசவில்லை. உங்கள் ஆல்டர்னேட்டர் இன்றைக்கு உயிரோடு இருப்பதே அந்த மெக்கானிக்கால்தான். அவர் மேல் பழி போட்டது எனக்குப் பணம் போனதைவிட வருத்தமாக இருக்கிறது.

எனக்கு வேண்டியது இவைதான். ரெசிஸ்டர் தேவைப்படாத, பிரைமரி 3 ஓம் உள்ள 12 வோல்ட் காயில் ஒன்றும், டயோடும், கரிந்த பாயிண்டுக்கு மாற்றும் உங்கள் செலவில் அனுப்புங்கள். இப்போதைக்கு அந்த வயரில் ஒரு சார்ஜ் லைட் வைத்து எங்கள் எலக்ட்ரீஷியன் சமாளித்திருக்கிறார். அதற்கும், காயிலைக் கழற்றி மாட்டியதற்குமான கூலியைத் திருப்பித் தாருங்கள், ரசீது இணைத்துள்ளேன். எர்த் மாற்றும் முறை, காயில் முனை, அம்மீட்டர், டயோடு எல்லாவற்றையும் சேர்த்துத் தாளைத் தமிழிலும் அச்சடியுங்கள். இதே கிட்டை வாங்கிய மற்றவர்களின் எண்கள் உங்கள் பில் புத்தகத்தில் இருக்கும். சாவியை அணைத்தும் எஞ்சின் நிற்காமல் போகலாம் என்று அவர்களுக்கு உடனே போன் போட்டுச் சொல்லுங்கள். என் காயில் வர நாலு நாள் தாமதமானாலும் பரவாயில்லை, இந்த ஒன்றைத் தள்ளிப் போடாதீர்கள்.

2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளைச் சரியாகப் பயன்படுத்தும் குறிப்போ எச்சரிக்கையோ போதுமான அளவில் இல்லாமல் அதனால் பாதிப்பு ஏற்பட்டாலும் தயாரிப்பாளர் பொறுப்பாக வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அதுவரை நீங்கள் அனுப்பிய காயிலை உங்கள் ஸ்டிக்கரோடு அப்படியே வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் வந்து பார்ப்பதானால் ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டு வரட்டும், எலக்ட்ரீஷியனையும் வரச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், காயில் மற்றும் பாயிண்ட் படங்கள், வயரிங் படம், கூலி ரசீது.