ஃபொஃபானாவை விற்கச் சொல்லாதே மாப்ளே

கோட்டையூர்,
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். உங்க ஆத்தாவைப் போன வாரம் பார்த்தேன், கால் வீக்கம் நன்றாக வற்றியிருக்கிறது, கோயிலுக்கு நடந்தே போய் வருகிறார்கள், நீ கவலைப்படாதே. பிள்ளையார்பட்டியில் புதன்கிழமை சதுர்த்தி, இப்போதே குன்றக்குடி ரோட்டில் வண்டி நகர மாட்டேன் என்கிறது. மழைதான் இன்னும் சரியாக வரவில்லை. ஊர்ச் செய்தி இவ்வளவுதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம்ம செல்சி கால்பந்து டீமின் சென்டர் பேக் (கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிறவன்) ஃபொஃபானாவைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு வேறு ஆளைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. செல்சிக்கு சென்டர் பேக் வேண்டும் என்பதில் உனக்கும் எனக்கும் சண்டையே இல்லை. நம்ம இன்னொரு சென்டர் பேக் கோல்வில் இந்த மாத ஆரம்பத்தில் முட்டி ஜவ்வு கிழிந்து படுத்துவிட்டான், இந்த சீசனில் பெரும்பகுதி போய்விட்டது. ஜூலை 13 அன்று கிளப் உலகக் கோப்பை ஃபைனலில் பி.எஸ்.ஜி.யை 3-0 என்று அடித்தபோது பின்னால் நின்றவன், 22 வயசுப் பையன். அந்த ஃபைனலுக்கும் கிரிஸ்டல் பேலஸோடு ஆடிய முதல் லீக் மேட்சுக்கும் நடுவில் சரியாக ஐந்து வாரம். அதற்குள் லீவு, அதற்குள் பயிற்சி. உடம்பு என்ன ஆகும்? கோச் மரெஸ்கா வாய் விட்டே கேட்டார், எனக்கு ஒரு சென்டர் பேக் வேண்டும் என்று. ஆகையால் ஆள் வேண்டும், அது சரி. ஆனால் ஆள் வாங்குவது ஃபொஃபானாவை அனுப்புவதற்காக இல்லை, அவனைக் காப்பாற்றுவதற்காக என்பதுதான் நான் சொல்ல வருவது.

அவன் கதையைக் கொஞ்சம் நினைத்துப் பார். நம்ம இரண்டு பேரும் அவனை முதலில் சரியாகக் கவனித்தது 2021 எஃப்.ஏ. கோப்பை ஃபைனலில், நம்மை லெஸ்டர் 1-0 என்று ஜெயித்த அன்றைக்கு. டீலமன்ஸ் அடித்த கோலைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள், நீ மட்டும் "பின்னால நிக்கிறானே அந்தப் பையன் யாரு" என்று கேட்டாய். அப்போது அவனுக்கு 20 வயசு. அதே வருஷம் ஆகஸ்டில் வில்லாரியலோடு ஆடிய ஒரு நட்பு மேட்சில் காலில் எலும்பு முறிந்தது. தேறி வந்தவனை 2022-ல் சுமார் 7 கோடி பவுண்டு கொடுத்து நம்ம ஆட்கள் வாங்கினார்கள். அக்டோபரில் ஏ.சி. மிலானோடு சாம்பியன்ஸ் லீக் மேட்ச், முதல் கோலே அவன்தான் அடித்தான், அதே மேட்சில் முட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே போனான். 2023 ஜூலையில் ஜவ்வுக்கு அறுவை சிகிச்சை, 2023-24 சீசன் முழுவதும் போச்சு. திரும்பி வந்து நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தான், 2024 டிசம்பர் 1, ஆஸ்டன் வில்லா மேட்ச், ஹாம்ஸ்ட்ரிங் என்கிற தொடையின் பின்பக்கத் தசை போச்சு. மார்ச்சில் வந்தான், ஏப்ரலில் மறுபடி ஆபரேஷன். வாசிக்கவே வலிக்கிறது. வருகிற டிசம்பரில்தான் அவனுக்கு 25 வயசு முடிகிறது மாப்ளே.

இவனுக்கு உடம்பே சரியில்லை, கண்ணாடிப் பாத்திரம் என்று நீ எழுதியிருக்கிறாய். எலும்பு முறிந்ததும் முட்டி போனதும் தசை கிழிந்ததும் ஒரே வியாதி இல்லை. ஒரு காயத்தில் நீண்ட நாள் படுத்தவன் வேகமாக ஓடுகிற பழக்கமே விட்டுப்போய் வருகிறான், அப்போதுதான் தொடையின் பின்பக்கத் தசை பிடித்துக்கொள்கிறது. அதிலும் இந்த டீம் மேலே ஏறி நின்று ஆடுகிற டீம். சென்டர் பேக்குக்குப் பின்னால் பாதி மைதானம் காலியாகக் கிடக்கும், ஒரு பந்து தாண்டிப் போனால் திரும்பி முழு வேகத்தில் ஓட வேண்டும். ஹாம்ஸ்ட்ரிங்குக்கு அதைவிடப் பெரிய சோதனை கிடையாது.

இதையெல்லாம் நான் டி.வி. பார்த்து மட்டும் சொல்லவில்லை. நம்ம பொட்டல் பசங்க டீமில் ஸ்டாப்பராக, அதாவது சென்டர் பேக்காக ஆடுகிறானே, ஒல்லியாக, உயரமாக, நீ போன பொங்கலுக்கு வந்தபோது பார்த்து அசந்துபோனாயே, அவனுக்கு மார்ச்சில் இதே கதைதான். கார்னர் பந்தைத் தலையால் முட்டிவிட்டு இறங்கும்போது செம்மண் காய்ந்து பாளமாக இருந்த இடத்தில் கால் மாட்டிக்கொண்டது. முட்டிக்குள் 'டொப்' என்று சத்தம் கேட்டதாக அவனே சொன்னான். சாயங்காலத்துக்குள் முட்டி இளநீர்க்காய் போல வீங்கிவிட்டது. வீட்டில் கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள், நான் பிடிவாதமாக மதுரைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுக்க வைத்தேன். ஜவ்வு முழுசாகக் கிழிந்திருந்தது. ஏப்ரல் நடுவில் ஆபரேஷன். அவனுடைய தசைநாரிலிருந்தே ஒரு பட்டையை எடுத்து ஜவ்வு இருந்த இடத்தில் வைத்துத் தைப்பார்களாம், அது உள்ளே ஊறிப் பதிவதற்குத்தான் மாதக்கணக்கு.

இப்போது நடையில் ஒரு குறையும் தெரியவில்லை, லேசாக ஓடவும் செய்கிறான். உடனே பசங்க ஆரம்பித்துவிட்டார்கள், ஆயுத பூஜை லீவில் நடக்கிற செவன்ஸுக்கு (டீமுக்கு ஏழு பேர் ஆடுகிற போட்டி) அவனை இறக்கிவிடலாம் அண்ணே, பின்னால ஆளே இல்லை என்று. அவனுக்கும் ஆசை. நான் முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன். நார்வேயில் இதற்கென்று ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு அப்புறம் 9 மாதம் வரைக்கும், திரும்பி ஆட வருவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் முட்டி மறுபடி அடிபடுகிற ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைகிறதாம். அவனுக்கு 9 மாதம் என்றால் தை பிறந்துவிடும். அக்டோபரில் இறக்கினால் ஆறு மாதம்கூட முடிந்திருக்காது. 18 வயசுப் பையனின் காலை ஒரு கோப்பைக்காகப் பணயம் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

பசங்க கேட்டதிலும் நியாயம் இருக்கிறது, பின்னால் ஆள் இல்லைதான். ஆள் இல்லாததால்தான் காயம் ஆறாதவனை இறக்கச் சொல்லுகிறார்கள், இறக்கினால் மறுபடி உடைவான், உடைந்தால் இன்னும் ஆள் இல்லாமல் போகும். அதற்காகத் தேவகோட்டைக்குப் போய் மெக்கானிக் ஷாப் வைத்திருக்கிற நம்ம பழைய ஸ்டாப்பர் அண்ணனைக் கேட்டேன். முப்பத்தைந்து தாண்டிவிட்டது, வேகம் இல்லை, ஆனால் பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரியும் அவருக்கு. இந்த ஒரு சீசன் வருகிறேன் என்று சம்மதித்துவிட்டார். பையன் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து அவர் எங்கே நிற்கிறார், எப்போது நகர்கிறார் என்று பார்த்தாலே பாதி ஆட்டம் படித்துவிடுவான்.

செல்சிக்கும் இதைத்தான் சொல்கிறேன். சென்டர் பேக் தியாகோ சில்வா 2020-ல் வந்தபோது 35 வயசு, காசு கொடுக்காமல் கிடைத்தவர், நாலு சீசன் நின்றார், சாம்பியன்ஸ் லீக்கே ஜெயித்தார். அவர் போன பிறகு அந்த இடத்துக்கு ஒரு பெரிய மனுஷனைக் கொண்டுவரவே இல்லை. பெரும்பாலும் இருபது, இருபத்தொன்று என்று பிள்ளைகளாகத்தான் வாங்குகிறார்கள். பேலஸ் மேட்சில் பின்னால் நம்ம சலோபாவும் அச்சியம்பாங்கும் நின்றார்கள், அச்சியம்பாங்குக்கு 19 வயசு. நன்றாகத்தான் ஆடினான், 0-0. ஆனாலும் பேலஸின் எஸே அடித்த ஃப்ரீ கிக் உள்ளே போனபோது எனக்கு உயிர் போய்விட்டது. பேலஸின் சென்டர் பேக் கேஹி, நம்ம ஆட்கள் வரிசையாக நின்ற தடுப்புச் சுவரை ஒட்டி நின்றதால் செல்லாது என்றார்கள். மூன்று பேருக்குக் குறையாத சுவர் என்றால் எதிரணி ஆள் ஒரு மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். அந்தக் கேஹி யார்? நம்ம அகாடமியில் வளர்ந்த பிள்ளை, 2021-ல் நாமே விற்றோம். போன மே மாதம் பேலஸுக்குக் கேப்டனாக நின்று எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கினான். 25 வயசு, ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி. லிவர்பூல் சுற்றி வருகிறது என்கிறார்கள். ஆட்களை வாங்கி விற்கிற ஜன்னல் மூட இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, முழு மூச்சாக இவனைப் பிடிக்க வேண்டும். வெஸ்ட் ஹாமை வெள்ளிக்கிழமை 5-1 என்று அடித்ததைக் காட்டி எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. 38 லீக் மேட்ச், சாம்பியன்ஸ் லீக்கில் குறைந்தது 8, கோப்பைகள் வேறு. சலோபாவும் இன்னொரு சென்டர் பேக் டோசினும் எத்தனை நாள் தாங்குவார்கள்?

கேஹி வந்தால் ஃபொஃபானாவை அவசரப்படுத்த வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு மேட்ச், அதிலும் முதலில் அறுபது நிமிஷம். டாட்டன்ஹாமின் பழைய சென்டர் பேக் லெட்லி கிங்கை மறந்துவிட்டாயா? முட்டியில் குருத்தெலும்பே இல்லை, வாரம் முழுக்க நீச்சல் குளமும் ஜிம்மும்தான், மேட்ச் அன்றைக்கு மட்டும் பூட்ஸ் கட்டுவார். 2008 லீக் கோப்பை ஃபைனலில் நம்மை 2-1 என்று ஜெயித்தபோது டாட்டன்ஹாமுக்கு அவர்தான் கேப்டன். டாட்டன்ஹாம் அவரை விற்கவில்லை, அவர் உடம்புக்குத் தகுந்த மாதிரி ஆடவைத்தது. ஃபொஃபானாவின் ஒப்பந்தம் 2029 வரை இருக்கிறது, இன்றைக்கு விற்றால் கொடுத்ததில் கால்வாசி வருமா?

மற்ற பசங்களுக்கு ஒரு பயிற்சி ஆரம்பித்திருக்கிறேன். முட்டி போட்டு நிற்க வேண்டும், பின்னால் ஒருத்தன் கணுக்காலை அழுத்திப் பிடித்துக்கொள்வான், இடுப்பை வளைக்காமல் முட்டியிலிருந்து தலை வரை ஒரே கோடாக மெதுவாக முன்னால் சாய வேண்டும், தாங்காத இடத்தில் கையை ஊன்றிக்கொள்ளலாம். தவறாமல் செய்தால் ஹாம்ஸ்ட்ரிங் காயம் பாதிக்குப் பாதி குறையும் என்கிறார்கள். முதல் நாள் ஒருத்தனாலும் பாதி வரைக்கும் சாய முடியவில்லை. இப்போது போட்டி போட்டுச் செய்கிறார்கள்.

நீ தீபாவளிக்கு வரும்போது சிங்கப்பூரிலிருந்து உடற்பயிற்சிக்கான ரப்பர் பட்டை நாலைந்து வாங்கி வா, இங்கே கிடைப்பது சீக்கிரம் அறுந்துவிடுகிறது. பையனுக்கு முட்டியைச் சுற்றியுள்ள தசை தேற அதுதான் வேண்டும். அப்புறம் கேஹிக்கு எவ்வளவு வரைக்கும் கொடுக்கலாம் என்று உன் கணக்கை எழுது. நான் நாலு கோடி பவுண்டு வரைக்கும் போவேன்.

அன்புடன்,
உன் மச்சான்