1,800 ரூபாய் வித்தியாசம்

கணபதி, கோவை

அன்புள்ள செல்வம்,

நாலு மாதமாக உனக்கு எழுதாததற்கு வேலை காரணமில்லை. கோபம்தான். "எரிந்த மோட்டாருக்குப் புதுக் காயில் கட்ட உன் ரேட் மட்டும் ஏன் 1,800 ரூபாய் கூட?" என்று கேட்டாயே, அது தைத்துவிட்டது. வேறு யார் கேட்டிருந்தாலும் பட்டிருக்காது. ஐ.டி.ஐ.யில் ஒரே வைஸில் அரம் பிடித்தவன் கேட்டதுதான் வலித்தது. ஆனால் மில் பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவன் நீ, கேட்டது நியாயம்தான். சரி, இப்போது பதில் கிடைத்திருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை ஒரு மில்லிலிருந்து 20 எச்.பி. மோட்டார் வந்தது. மில்லுக்குள் காற்றில் ஈரப்பதம் ஏற்றுகிற ஹியூமிடிஃபிகேஷன் பிளாண்டில் ஃபேன் ஓட்டுவது. இரண்டு வருஷத்தில் மூன்றாவது முறை எரிந்திருக்கிறது. முன்பு இரண்டு தடவையும் வேறு இடத்தில் காயில் கட்டியிருக்கிறார்கள். மூடியைக் கழற்றினேன். மூன்று ஃபேஸ் காயிலும் ஒரே மாதிரி கருகிக் கிடந்தன. சப்ளையில் ஒரு ஃபேஸ் போயிருந்தால் இந்த மாதிரி டெல்டா இணைப்பில் ஒரு செட் காயில்தான் கருகும், மற்ற இரண்டும் அப்படியே இருக்கும். இது அந்தக் கதை இல்லை, நாள்பட்ட சூடு.

கம்பியை அளந்தேன். அப்பாவின் டேட்டா நோட்டு ஞாபகம் இருக்கிறதா, நீ டீ கொட்டிய அதே நோட்டு! அதில் இந்த மாடலுக்கு 17 கேஜ் இரட்டைக் கம்பி என்று இருக்கிறது. இதில் ஓட்டியிருந்தது 18, எண் கூடினால் கம்பி மெலிசு. ஒரு கேஜ்தானே என்று விடமுடியாது செல்வம், செம்பில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது. டர்ன், அதாவது சுற்றுகளின் எண்ணிக்கையை மட்டும் சரியாக வைத்திருக்கிறார்கள். அதனால் நோ-லோடு கரண்ட், அதாவது சுமை இல்லாமல் ஓட்டும்போது இழுக்கும் கரண்ட் பார்த்தால் எதுவும் தெரியாது. டெலிவரி எடுக்கிறவன் கையெழுத்துப் போட்டுவிடுவான். லோடு ஏறும்போதுதான் சூடு ஏறும். பத்து டிகிரி கூடினால் இன்சுலேஷன் ஆயுள் பாதி என்று நம் வாத்தியார் கரும்பலகையில் எழுதிப் போட்டது இதைத்தான்.

அதைவிட மோசம் கோர், காயில் உட்காரும் இரும்புத் தகடு அடுக்கு. பழைய காயிலை உருவ நேரடியாகத் தீ கக்கும் டார்ச் காட்டி எரித்திருக்கிறார்கள். சீக்கிரம் வேலை முடியும், ஆனால் தகடுகளுக்கு நடுவே இருக்கிற இன்சுலேஷன் போய், தகடோடு தகடு சேர்ந்துகொள்கிறது, அப்புறம் அதற்குள்ளேயே கரண்ட் சுழன்று கோரே சூடாகும். நான் ஓவனில் 360 டிகிரியைத் தாண்ட விடாமல் நேரமெடுத்துச் செய்வது அதற்காகத்தான். பழைய காயிலை எடுத்துவிட்டு, கோரைச் சுற்றிக் கேபிள் ஓட்டி ஃப்ளக்ஸ் (காந்தப் பாய்வு) கொடுத்துப் பார்த்தேன், இதுதான் கோர் டெஸ்ட். கால் மணி நேரத்தில் கோரின் இரண்டு மூன்று பல்லில் கை வைக்க முடியவில்லை, மற்ற இடமெல்லாம் இளஞ்சூடு. அந்தக் கோரில் தங்கக் கம்பி சுற்றினாலும் பிரயோஜனமில்லை.

இப்போது உன் 1,800 ரூபாய்க்கு வருகிறேன். இதே 20 எச்.பி., அதாவது சுமார் 15 கிலோவாட் மோட்டார், ஃபுல் லோடில் வருஷத்துக்கு 8,000 மணி நேரம். இப்படிக் கட்டியதால் எஃபிஷியன்சி 92 சதவீதத்திலிருந்து 90க்கு இறங்கினால் சுமார் 2,900 யூனிட் வீண். யூனிட் 8 ரூபாய் என்று வை, 23,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. அதுவும் ஒவ்வொரு வருஷமும். மோட்டார் எரிந்து ஷிப்ட் நின்ற நஷ்டம் தனி. உன் கொட்டேஷன் தாளில் இதற்கு ஒரு கட்டமும் இல்லையே, அதுதான் என் ஆதங்கம்.

அந்த மோட்டாரைக் கட்டவேண்டாம், புதிதாக ஐ.இ.3, அதாவது மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் தர மோட்டார் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எனக்குப் போனது ஒரு வேலை. தம்பிக்கு அதில் வருத்தம்தான். ஆனால் நான் கட்டிக் கொடுத்து ஆறு மாதத்தில் அது மறுபடி எரிந்தால் அந்த மில்காரர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

எனக்கே வேலை கொடு என்று கேட்கவில்லை. யாரிடம் கொடுத்தாலும் பழைய காயிலை எரிப்பதற்கு முன்னால் ஒரு தடவை, எரித்த பின் ஒரு தடவை கோர் டெஸ்ட் கேள். பழைய காயிலில் ஒரு துண்டு வாங்கி வைத்துக்கொண்டு, புதுக் கம்பி கோரின் ஸ்லாட்டில் (பள்ளத்தில்) இறங்கும்போது நீயே மைக்ரோமீட்டரில் அளந்து பார். பேரிங் பெட்டியைப் பிரிப்பதும் உன் கண்ணெதிரே நடக்கட்டும், 6309 என்று எண் அடித்துப் போலி ஏகப்பட்டது சுற்றுகிறது.

அப்புறம், சின்னவளுக்கு நர்ஸிங் சீட் கிடைத்துவிட்டது. ரத்தினம் அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, உன்னைக் கேட்டார். உங்கள் ப்ளோ ரூம் (பஞ்சு பிரித்துச் சுத்தம் செய்யும் இடம்) மோட்டார் இரைகிறது என்றாயே, அடுத்த ஞாயிறு மில் லீவு என்றால் சொல், இன்சுலேஷன் சோதிக்கிற மெக்கரோடு வந்து பார்க்கிறேன். மதியச் சாப்பாடு உன் வீட்டில்தான்.

அன்புடன்,
மணி