மூன்று வேதங்களையும் ஒரே மேசையில் வைக்க உதவியோருக்கு

பேரன்புடையீர்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நாகை, நாகூர், வேளாங்கண்ணி வட்டாரப் பிள்ளைகளுக்கான 12 வார வேத வாசிப்பு வகுப்பு உங்கள் தயவால் நல்லபடியாக நிறைவடைந்தது. பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டதால், செய்த உதவியைச் சொல்லியே நன்றி சொல்கிறோம். பக்கத்து ஊர்களில் இதைத் தொடங்க விரும்புகிறவர்கள் வழிமுறை கேட்டிருக்கிறார்கள். அதனால் விவரங்களையும் இந்த மடலிலேயே சேர்த்துவிட்டோம்.

முதல் நன்றி பாடம் நடத்திய மூவருக்கு: தேவாரத்துக்கு ஓதுவார் ஐயா, குர்ஆனுக்கு ஹஜ்ரத் அவர்கள், விவிலியத்துக்கு மறைக்கல்வி ஆசிரியை. அடுத்தவர் மார்க்கத்தைப் பற்றி மூவரும் ஒரு பாடம்கூட எடுக்கவில்லை. தங்கள் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லித் தருவார்களோ அப்படியே, மற்ற இரு சமயப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தங்கள் வேதத்தை மட்டும் படித்தார்கள். நல்லிணக்கக் கூட்டம் என்றாலே "எல்லா மதமும் ஒன்றுதான்" என்று முடித்துவிடுவது நம்மிடம் வழக்கம். அந்தப் பேச்சு வந்ததும் பிள்ளைகளின் கேள்வி நின்றுபோகும். எல்லாம் ஒன்றென்றால் கேட்க என்ன இருக்கிறது? வீட்டிலோ, பிள்ளை நம் வழியை விட்டுவிடுமோ என்ற பயம் வரும். நாகூர் தர்காவின் 131 அடிப் பெரிய மினாராவைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டித் தந்தார் என்று எல்லா மேடையிலும் பெருமையோடு சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதைக் கேட்டுக் கைதட்டிய பிள்ளைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எதை நம்புகிறார் என்பது அப்போதும் தெரியாது.

நடைமுறை இதுதான். 13 முதல் 16 வயது வரை 24 பிள்ளைகள், மேசைக்கு எட்டுப் பேர், மூன்று சமயமும் கலந்து. வாரத்துக்கு ஒரு தாள், 12 வரிக்கு மேல் இல்லை. வேதத்துக்கு உரியவர் ஒருமுறை வாய்விட்டு வாசிப்பார். ஓதுவார் ஐயா பண்ணோடு பாடினார். அடுத்த பத்து நிமிடம் சொற்பொருள் மட்டும். பிறகு அரை மணி நேரம், அந்த வேதத்தைச் சேராத பிள்ளைகள் தங்களுக்குப் புரிந்ததைச் சொல்வார்கள். அதுவரை உரிய பிள்ளைகள் பேசக் கூடாது. அதற்குப் பிறகே திருத்தலாம், சேர்க்கலாம். இந்த வரிசையை மாற்றினால் உரியவர்கள் பிரசங்கம் செய்ய, மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

இன்னொரு கட்டுப்பாடு, தாளில் உள்ளதை மட்டும் பேசுவது. "உங்க ஆளுங்க ஏன் அப்படிச் செய்றாங்க?" என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால், அவன் ஒரு சமுதாயத்துக்கே வக்கீலாக வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் "இந்த வரி ஏன் இப்படிச் சொல்கிறது?" என்று மாற்றிக் கேட்க வைத்த மேசைப் பொறுப்பாளர்களான கல்லூரி மாணவ மாணவியர் மூவருக்கும் தனி நன்றி.

லூக்கா 10ஆம் அதிகாரத்து நல்ல சமாரியன் உவமையை மறைக்கல்வி ஆசிரியை எடுத்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். தமிழில் "சமாரியன்" என்றால் உதவி செய்கிற நல்லவன் என்றே பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தோடு படித்தால் கதையில் ஒன்றுமே இல்லை. யூதர்களும் சமாரியர்களும் ஒருவரோடொருவர் புழங்காதவர்கள், வழிபடும் மலையைப் பற்றியே அவர்களுக்குள் சண்டை என்பதை முதலில் சொன்னார். எரிகோவுக்குப் போகும் சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைச் சொந்த மதத்துக் குருவும், ஆலயப் பணி செய்யும் லேவியரும் விலகிக் கடந்து போகிறார்கள். நின்றவன் மாற்று வழிபாட்டுக்காரனான சமாரியன். அடிபட்டவனைக் கவனித்துக்கொள்ளச் சாவடிக்காரரிடம் அவன் கொடுத்த இரண்டு தெனாரியம் காசு அக்காலத்தில் இரண்டு நாள் கூலி. அந்தக் கணக்கைச் சொன்ன பிறகுதான் கதை பிள்ளைகளுக்கு உறைத்தது.

எங்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது, மூவரும் தங்கள் வேதத்தில் கடினமான இடங்களை ஒளிக்காமல் தாளில் அச்சிடச் சம்மதித்தது. இனிய வசனங்களை மட்டும் பொறுக்கித் தந்தால் வகுப்பு அழகாகத்தான் நடக்கும். ஆனால் விடுபட்ட வரியைப் பிள்ளைகள் அன்று இரவே கைபேசியில், வெறுப்போடு சேர்த்துப் படிப்பார்கள். இணைவைப்பவர்களை, அதாவது இறைவனோடு மற்றவற்றையும் சேர்த்து வணங்குபவர்களை, கண்ட இடத்தில் கொல்லச் சொல்லும் குர்ஆனின் 9:5 அப்படித்தான் தனியாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஹஜ்ரத் 9:4 முதல் 6 வரை சேர்த்தே தந்தார். நாலாவது வசனம் உடன்படிக்கையைக் காத்தவர்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆறாவது, இணைவைப்பவர்களில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் அடைக்கலம் கொடுத்து, அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறது. அடுத்த வாரத் தாள் 6:108: பிறர் வணங்குபவற்றை ஏசாதீர்கள், ஏசினால் அவர்கள் அறியாமையால் அல்லாஹ்வை ஏசுவார்கள்.

மத்தேயு 27:25, "இவனது இரத்தப்பழி எங்கள் மேலும் எங்கள் பிள்ளைகள் மேலும்" என்ற பொருளில் இயேசுவின் விசாரணையில் கூட்டம் கத்தும் இடம், பல நூற்றாண்டுகள் யூதர்களுக்கு எதிராகக் காட்டப்பட்டது. இயேசுவின் பாடுகளுக்காக அக்கால யூதர் அனைவர் மீதும், இக்கால யூதர் மீதும் பழி சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று அறிவித்ததை ஆசிரியை பக்கத்திலேயே அச்சிட்டுத் தந்தார்.

ஓதுவார் ஐயா எடுத்துக்கொண்டது சம்பந்தர் பதிகங்களின் பத்தாம் பாட்டு. சமணரையும், சாக்கியர் எனப்படும் பௌத்தரையும் சாடும் இடம் அது. "அந்தக் காலத்து வாதப் போரில் பிறந்த சொல், இன்று யார் மீதும் எறிய அல்ல" என்று சொல்லிவிட்டு, ஆனைமங்கலம் செப்பேட்டுச் செய்தியைக் கொடுத்தார். அந்தப் பதிகங்களைப் போற்றிய மரபில் வந்தவன், சிவபாதசேகரன் என்று பெயர் கொண்ட முதலாம் ராஜராஜன். அவனே ஸ்ரீவிஜய மன்னர் இதே நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைப் பள்ளிச்சந்தமாக, அதாவது அறக்கொடையாகக் கொடுத்தான். பாட்டும் உண்மை, செப்பேடும் உண்மை. இரண்டையும் ஒரே மாலையில் படிக்கலாம் என்று காட்டியதற்கு ஐயாவுக்கு எங்கள் வணக்கம்.

கூடத்தை வாடகை வாங்காமல் தந்த பள்ளித் தலைமையாசிரியைக்கு நன்றி. வழிபாட்டுத் தலம் எதுவாக இருந்தாலும் யாராவது ஒரு வீட்டார் தயங்கியிருப்பார்கள். சனிக்கிழமை 4:15 முதல் 5:30 வரை என்ற நேரம் அஸர் தொழுகைக்கும் மக்ரிபுக்கும் இடையில் பொருந்தியது. சனிப் பிரதோஷம் வந்தால் ஓதுவார் ஐயா கோயிலில் இருக்க வேண்டும் என்பதால் அந்த வாரம் மட்டும் ஞாயிறு மாலைக்கு மாற்றினோம்.

சுண்டல் செய்து தந்த அம்மாக்களுக்கு நன்றி. 30 பேருக்கு ஒன்றரைக் கிலோ கொண்டைக்கடலை சரியாக இருந்தது. அதைப் படையல் வைக்காமல் நேரே வகுப்புக்கு அனுப்பியது நீங்களே யோசித்துச் செய்த காரியம். படைத்ததைச் சாப்பிடாத பிள்ளைகளும் அதனால் தயக்கமில்லாமல் கை நீட்டினார்கள்.

"வழிபாடு இல்லை, பிரார்த்தனை இல்லை, பெற்றோர் எந்த நேரமும் வந்து உட்காரலாம்" என்ற ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்ட பெற்றோருக்கும், சொன்னபடி வந்து பின்வரிசையில் கடைசி வரை உட்கார்ந்திருந்தவர்களுக்கும் நன்றி.

ஜெராக்ஸ் கடைத் தம்பி காகிதக் காசு மட்டும் வாங்கிக்கொண்டு, எழுத்தைப் பெரிதாக்கி, குறிப்பெழுத இடப்பக்கம் இடம் விட்டு, ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிட்டுத் தந்தார். வீணான தாள்களைக் கடையில் பொட்டலம் மடிக்க விடாமல் தனியே கட்டி எங்களிடமே கொடுத்தார். திருவசனம் உள்ள தாள் காலில் மிதிபடக் கூடாது, எண்ணெய்ப் பலகாரம் சுற்றக் கூடாது என்பதில் மூன்று சமயத்தாரும் ஒரே பிடியாக இருந்தார்கள். வீட்டில் வைத்துக்கொள்ள விரும்பாதவர்கள் அடுத்த சனிக்கிழமைக்குள் பள்ளிக் காவலாளி அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். முறைப்படி சேர்த்து வைக்கும் பொறுப்பை ஹஜ்ரத் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

நன்றியுடன்,
வகுப்பு ஒருங்கிணைப்புக் குழுவினர்